ஏலியன் தோலுக்குள் இருந்தவர்

1979-ல் வந்த ‘ஏலியன்’ என்ற விண்வெளித் திகில் படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்த ஒரு நண்பர் கேட்டார்: “அந்த ஜந்து என்ன, இயந்திரப் பொம்மையா? அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் உருவாக்கும் வசதி இல்லையே, எப்படி எடுத்தார்கள்? இன்றைக்கு வரும் ராட்சதங்களைவிட அது ஏன் இன்னும் பயமாக இருக்கிறது?”

அது வேஷம்தான். ரப்பரில் செய்த உடை, உள்ளே ஓர் ஆள். பெரும்பாலான காட்சிகளில் அந்த ஆள் போலாஜி படேஜோ. லண்டனில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர். அதற்கு முன் அவர் எந்தப் படத்திலும் நடித்ததில்லை, பிறகும் நடிக்கவில்லை. இந்த உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை வரைந்த ஓவியரோடு நிறுத்திக்கொள்வார்கள். ஓவியர் மேதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வரைந்தது ஓர் உடம்பில் ஏறி நின்று மூச்சு விட்டபோதுதான் அது ஜந்து ஆனது. அந்த உடம்பைப் பற்றியும் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் ஓவியர். 1970-களின் நடுவில், ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலைப் படமாக்க இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி பாரிஸில் ஒரு பெரிய குழுவைத் திரட்டினார். தந்திரக் காட்சிகளுக்காக அமெரிக்காவிலிருந்து போனவர் டான் ஓபேனன். ஒரு கிரகத்தை வடிவமைக்க அழைக்கப்பட்டவர் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர். பணம் கிடைக்காமல் படம் நின்றுபோனது. ஓபேனன் கையில் காசில்லாமல் ஊர் திரும்பி, ரொனால்ட் ஷூசெட் என்ற நண்பர் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு காலம் தள்ளினார். அந்த வீட்டில் இருந்தபடிதான் இருவரும் ‘ஏலியன்’ கதையை உருவாக்கினார்கள். எழுதும்போதே கீகரின் ஓவியங்கள் ஓபேனன் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. எடுக்காத படம் விட்டுச்சென்ற சொத்து அது.

கீகர் 1940-ல் கூர் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடைக்காரர். அப்பாவுக்கு வந்த ஒரு மனித மண்டையோடு சின்ன வயதிலேயே பையனின் கைக்கு வந்துவிட்டது. ஜூரிச்சில் கட்டடக்கலையும் தொழில்துறை வடிவமைப்பும் படித்தார். ராத்திரியில் கெட்ட கனவுகள் அவரைப் படுத்தி எடுத்தன. கண்டதை வரைந்து தீர்ப்பதுதான் அவருக்கு வைத்தியம். ஏர்பிரஷ் கொண்டு சாம்பலும் கறுப்புமாக அவர் தூவி வரைந்த உருவங்களில் எலும்பு எங்கே முடிகிறது, குழாய் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முதுகெலும்பு ஒரு கேபிளாக நீளும், விலா எலும்பு ஒரு இயந்திரத்தின் மூடியாக மாறும். உயிரும் இயந்திரமும் ஒன்றோடொன்று பிணைந்த இந்தப் பாணியை அவரே ‘பயோமெக்கானிக்கல்’ என்று அழைத்தார்.

இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடம் ஓபேனன் காட்டியது கீகரின் ‘நெக்ரோனோமிகான்’ என்ற ஓவியத் தொகுப்பு. அதில் 1976-ல் வரைந்த ‘நெக்ரோனோம் 4’ என்ற ஓவியம் இருந்தது. பக்கவாட்டில் திரும்பிய ஒரு முகம், பின்னோக்கி நீண்டுகொண்டே போகும் தலை, குழாய்களாலான உடம்பு. ஸ்காட் அங்கேயே முடிவு செய்துவிட்டார். தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ் தயங்கியது. மக்கள் முகம் சுளித்து எழுந்து போய்விடுவார்கள் என்ற கவலை. ஸ்காட்டும் தயாரிப்பாளர்களும் விடவில்லை. கீகரை வரவழைத்து, வேற்றுலகம் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தார்கள். மனிதர்களின் விண்கலத்தை வரைந்தது ரான் காப் என்ற வேறொருவர். ஒரே படத்துக்குள் இரண்டு கைகள் வேலை செய்ததால்தான் வேற்றுலகம் உண்மையிலேயே வேறாகத் தெரிகிறது.

ஓவியம் கிடைத்துவிட்டது. உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அதை நடமாட வைப்பது எப்படி?

ரப்பர் உடைக்குள் ஆளை நிறுத்தும் வழக்கம் அன்றைக்கே பழையது. 1954-ல் ஜப்பானில் எடுத்த ‘காட்ஸில்லா’வில் ஹாருவோ நாகாஜிமா ஏறத்தாழ 100 கிலோ உடைக்குள் நின்று நடித்தார். அங்கே ஒரு வசதி இருந்தது. காட்ஸில்லா மலை மாதிரி பெரியது. சுற்றிலும் குட்டி வீடுகளைக் கட்டி, கேமராவை வேகமாக ஓடவிட்டு எடுத்தால், அசைவு மெதுவாகி உருவம் கனமாகத் தெரியும். உள்ளே மனிதன் இருக்கிறான் என்பதை அளவே மறைத்துவிடும். ‘ஏலியன்’ ஜந்துவுக்கு அந்த வசதி இல்லை. அது நடிகர்களோடு அதே அறையில், அதே வெளிச்சத்தில் நிற்க வேண்டும். தோளின் அகலம், இடுப்பு இருக்கும் உயரம், முழங்கால் மடியும் இடம் ஆகிய மூன்றும் நம் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். எத்தனை முள்ளும் கொம்பும் ஒட்டினாலும் அந்த மூன்றும் மனிதனுக்குரிய இடத்தில் இருந்தால், பார்க்கிறவர் மனது “வேஷம்” என்று சொல்லிவிடும். 1950-களின் ராட்சதப் படங்கள் பலவற்றைப் பார்க்கும்போது பயம் பாதியில் கலைந்துபோவது இதனால்தான்.

ஆக, மனிதனுக்குரிய அளவுகளை மீறிய ஒரு மனிதன் வேண்டும். கிடைத்த விதம் தற்செயலானது. நடிகர் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் லண்டன் மதுக்கடை ஒன்றில் படேஜோவைப் பார்த்தார். 6 அடி 10 அங்குல உயரம். மெலிந்த தேகம், வழக்கத்துக்கு மீறி நீண்ட கைகால்கள். வயது இருபதுகளின் நடுவில். ஸ்காட்டிடம் அழைத்துக்கொண்டு போனார்கள். பார்த்ததுமே ஸ்காட்டுக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கைகால்களுக்கு ரப்பர் போர்த்தினால் உள்ளே மனிதன் இருக்க வாய்ப்பே இல்லை என்று கண் நம்பிவிடும். உயரத்தைவிட அந்த விகிதம்தான் முக்கியம். வெறும் உயரமான, பருத்த ஆள் ஒருவரை நிறுத்தியிருந்தால் அது ஒரு பெரிய மனிதனாகத்தான் தெரிந்திருக்கும்.

1978 கோடையில், லண்டனுக்கு அருகிலுள்ள ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் வேலை நடந்தது. படேஜோவின் உடம்பை முழுதாக அச்செடுத்தார்கள். அதன்மேல்தான் கீகர் தன் கையாலேயே பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பி உருவத்தைச் செதுக்கினார். ஓவியர்கள் பொதுவாக வரைபடத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கீகர் நகரவில்லை. வெயில் காலத்திலும் கறுப்பு உடையில் வந்து நின்று, களிமண்ணுக்குள் பொருள்களைப் பதித்துக்கொண்டே இருந்தார். பாம்பின் முதுகெலும்புகள், ரோல்ஸ் ராய்ஸ் காரின் குளிர்விப்புக் குழாய்கள் எல்லாம் அந்த உடம்புக்குள் போயின. பிறகு அதிலிருந்து அச்சு எடுத்து லேட்டக்ஸ் ரப்பரில் வார்த்தார்கள். கீகர் ஓவியத்தில் தூரிகை செய்த வேலையை இங்கே நிஜ எலும்பும் நிஜக் குழாயும் செய்தன. அதனால் அந்த உடையில் நிழல் விழும்போது, யாரோ கற்பனையில் வரைந்த நெளிவு மாதிரி இருக்காது. நிஜப் பொருளின் மடிப்பில் விழுந்த நிழல் மாதிரி இருக்கும்.

அவர் ஆசைப்பட்டதில் ஒன்று நடக்கவில்லை. ஜந்துவின் தோல் ஒளி ஊடுருவும்படி இருக்க வேண்டும், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். அப்படிப்பட்ட பொருளை ஓர் ஆள் போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் கிழிந்துவிடுகிறது. விட்டுவிட்டார்கள். இன்றைக்கு யோசித்தால் அது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கறுப்பாக இருந்ததால்தான் அது இருட்டோடு கலந்துபோனது.

இன்னொரு முடிவும் கீகருடையதுதான், என் பார்வையில் மொத்த உடையிலும் அதுதான் பெரிய முடிவு. கண்ணை எடுத்துவிட்டார். மூல ஓவியத்தில் அந்த உருவத்துக்குப் பெரிய கறுப்புக் கண்கள் உண்டு. படத்தில் கிடையாது. ஒரு மிருகத்தைப் பார்த்தால் நாம் முதலில் தேடுவது கண்ணை. எங்கே பார்க்கிறது, பாயப் போகிறதா, கோபமா, பசியா என்பதெல்லாம் நமக்குக் கண்ணில்தான் தெரியும். கண்ணே இல்லாவிட்டால் அது நம்மைப் பார்க்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அதற்கு நாம் இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது. இதைவிட எளிய, இதைவிடக் கொடுமையான யோசனை வேறென்ன?

சரி, தலைக்கு வருவோம். தலையின் இயந்திர வேலையைச் செய்தவர் இத்தாலியரான கார்லோ ராம்பால்டி. 1976-ல் வந்த ‘கிங் காங்’ படத்தில் வேலை பார்த்தவர். கீகரின் வடிவத்தை முடிந்தவரை மாற்றாமல், உள்ளே கீல்களும் கேபிள்களும் கொண்ட ஓர் அமைப்பை நுழைத்தார். உதடு விலகும், தாடை திறக்கும், உள்ளிருந்து ஒரு விறைத்த நாக்கு நீளும், அந்த நாக்கின் முனையில் பற்களோடு இன்னொரு வாய் இருக்கும். அசையும் பாகங்கள் மட்டும் ஏறத்தாழ 900 என்பார்கள். முகத்தின் முன்பக்கம், வழவழப்பான அரை ஒளிபுகு மூடிக்குக் கீழே, மனித மண்டையோடு ஒன்றின் பகுதியை வைத்தார்கள். திரையில் அதைக் கவனிப்பது கடினம். ஆனால் ஏதோ ஒரு நொடியில் மூடிக்குள் கண்குழி மாதிரி ஒன்று தெரிந்து மறையும். கீகர் சிறுவயதில் கையில் வைத்திருந்த அந்த மண்டையோடு கடைசியில் இங்கே வந்து சேர்ந்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தாடையின் இருபக்கமும் இழுபடும் தசைநார்கள் ஆணுறைகளைக் கிழித்துச் செய்தவை. ஒழுகும் எச்சில், டாக்டர்கள் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் வழவழப்பு ஜெல்லி. அந்த ஜெல்லி இல்லாமல் அந்த வாய் வெறும் உலோகப் பற்கள்தான். ஈரம் வந்ததும் உயிர் வந்துவிட்டது. ஜந்துவின் குரலுக்கும் ஒரு மனிதர்தான்: பறவைகள் போலக் கூவிப் பெயர்பெற்ற பெர்சி எட்வர்ட்ஸ்.

இனி உள்ளே இருந்தவரைப் பார்ப்போம்.

படேஜோவை தை சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி வகுப்புக்கும், பேசாமல் உடம்பாலேயே நடிக்கும் மைம் வகுப்புக்கும் அனுப்பினார்கள். இதன் அருமை படத்தைப் பார்த்தால்தான் புரியும். அவசரமாக அசைந்தால் மனிதன் வெளியே தெரிந்துவிடுவான். தை சியில் உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு, எங்கே மாறியது என்றே தெரியாமல் மாற்றப் பழக்குவார்கள். நீளமான கைகால் உள்ள ஒருவர் அதைச் செய்யும்போது, எந்த மூட்டு முதலில் அசைந்தது என்று கண்ணால் பிடிக்க முடியாது.

உடை ஒரே துண்டு இல்லை. உடம்பை ஒட்டிய கறுப்பு உள்ளாடைமேல், பத்துப் பதினைந்து துண்டுகளாக மாட்ட வேண்டும். வால் இருப்பதால் நாற்காலியில் உட்கார முடியாது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் அவர் இளைப்பாற ஒரு ஊஞ்சலே செய்து கொடுத்தார்கள். அந்தச் சித்திரம் என் மனதை விட்டுப் போவதில்லை: ஸ்டுடியோவின் ஒரு மூலையில், தலையைக் கழற்றி வைத்துவிட்டு, கறுப்பு ரப்பர் உடம்போடு ஊஞ்சலில் சாய்ந்திருக்கும் ஓர் இளைஞன். தலையை மாட்டினால் 15, 20 நிமிடத்துக்குமேல் தாங்காது. கழற்றும்போது தலை முழுக்க வியர்வையில் நனைந்திருக்கும். பார்வையும் சரியாகத் தெரியாது. இயந்திரத் தலை நெருங்கிய காட்சிகளுக்கு மட்டும்தான். மற்ற நேரங்களில் அவர் மாட்டிக்கொண்டது எடை குறைந்த வேறொரு தலை.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். படேஜோவுக்கு அரிவாள் செல் நோய் இருந்தது. அது பிறவியிலேயே வருவது. ரத்தச் சிவப்பணுக்கள் வளைந்து விறைத்து, சின்ன ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும். உடம்பில் நீர் வற்றினால் நோய் முறுகும். அதிக வெப்பத்தில் இருக்காதீர்கள், உடல்நீர் குறைய விடாதீர்கள் என்பதுதான் இந்த நோயாளிகளுக்கு டாக்டர்கள் சொல்லும் முதல் அறிவுரை. அப்படிப்பட்ட ஒருவர் காற்றுப் புகாத ரப்பருக்குள் வியர்வை வடிய வடிய நின்றிருக்கிறார். திரையில் அந்த உடம்பின் மெல்லிய அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

எல்லாக் காட்சிகளிலும் அவர் இல்லை. ஆபத்தானவற்றுக்கு எடி பவல், ராய் ஸ்காமெல் என்ற ஸ்டண்ட் கலைஞர்கள் உடையை மாட்டினார்கள். அப்புறம், இத்தனை உழைப்பில் உருவான உடையை ஸ்காட் படத்தில் காட்டியது மொத்தமே சில நிமிடங்கள்தான். கைவிரல், வாய், வளைந்த தலையின் ஒரு பளபளப்பு, இப்படித் துண்டு துண்டாகத்தான் காட்டுவார். முழு உருவம் நிற்பதை நின்று நிதானமாகப் பார்க்க வாய்ப்பே தரமாட்டார். உடையில் குறைகள் இருந்தன என்பது அவருக்குத் தெரியும். ரப்பர் எங்கே மடிகிறது, எங்கே இணைகிறது என்று பார்க்கிறவர் தேடும் முன்பே அடுத்த காட்சிக்குப் போய்விடுவார். இன்றைய படங்களில் ராட்சதத்தை முதல் அரை மணிக்குள் தலை முதல் கால்வரை சுற்றிச் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். பார்த்து முடித்த பொருளுக்கு யார் பயப்படுவார்கள்? நண்பரின் கடைசிக் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

மறுபாதி, படத்தின் கடைசிக் காட்சியில் இருக்கிறது. கதாநாயகி ரிப்லி சிறு கலத்தில் ஏறித் தப்பித்துவிட்டாள். தூங்கத் தயாராகிறாள். சுவர் முழுக்கக் குழாய்களும் கம்பிகளும். நாமும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திடீரென்று சுவரிலிருந்து ஒரு கை விழுகிறது. நீண்ட குழாய் என்று நாம் நினைத்தது அதன் தலை. முதல்முறை பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை, இரண்டாம் முறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே தேடியும் சில நொடி பிடித்தது. கீகர் எலும்போடு குழாயைக் கோத்தது அலங்காரத்துக்காக என்று அதுவரை நினைத்திருந்தால், இந்த ஒரு காட்சியில் அந்த நினைப்பு போய்விடும். அந்த உடை ஓர் இயந்திரச் சுவருக்குள் ஒளிந்துகொள்ளும் உடம்பு. அந்த இடுக்கில் தன் 6 அடி 10 அங்குலத்தை மடக்கிச் சுருட்டிப் படுத்திருந்தவர் படேஜோ.

1980-ல் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குக் கிடைத்தது. மேடையேறிய பெயர்களில் கீகரும் ராம்பால்டியும் உண்டு. உடைக்குள் நின்றவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அப்படியொரு பிரிவே கிடையாது.

அடுத்த படங்களில் உடை மாறியது. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் பாகத்துக்குக் கீகரை அழைக்கவில்லை. ஒன்றுக்குப் பதில் கூட்டமாக ஜந்துக்கள், அவை ஓட வேண்டும், தொங்க வேண்டும், தாவ வேண்டும். அதனால் ஸ்டான் வின்ஸ்டன் குழு உடையை எளிதாக்கியது. தலையின் வழவழப்பு மூடியை எடுத்துவிட்டு வரிவரியான மண்டையை வைத்தார்கள். அந்தப் படத்துக்கு அது சரியான முடிவுதான், போர்ப்படம் மாதிரியான படம் அது. ஆனால் முதல் ஜந்துவின் அமைதி அவற்றில் இல்லை. 1992-ல் வந்த மூன்றாம் பாகத்தில் டாம் உட்ரஃப் என்பவர் உடைக்குள் நடித்தார். நல்ல வேலை, ஆனால் கால்கள் மனிதக் கால்களாகத் தெரிந்துவிடும் இடங்கள் அதில் உண்டு.

அதே 1992 டிசம்பரில், லாகோஸில், படேஜோ இறந்தார். வயது 39. அரிவாள் செல் நோய்தான் காரணம். படம் முடிந்த கொஞ்ச காலத்தில் நைஜீரியாவுக்குத் திரும்பி, 1983-ல் ஒரு கலைக்கூடம் நடத்தத் தொடங்கியிருந்தார். கீகர் 2014 வரை வாழ்ந்தார். சுவிட்சர்லாந்தின் க்ரூயேரில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

படேஜோவைப் பார்க்க வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. முழு உடை தயாராகும் முன், தற்காலிகமான ஒரு தலையை மாட்டிக்கொண்டு அவர் நடந்து பார்த்த பரிசோதனைப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. எச்சில் இல்லை, வால் இல்லை, இருட்டு இல்லை. மெல்ல நடந்து வந்து, கால்களை மடக்கிக் கீழே இறங்குகிறார், தலை மட்டும் தனியாக ஒரு பக்கம் திரும்புகிறது. உடை இன்னும் வரவில்லை, ஜந்து வந்துவிட்டது.